மேய்ச்சல் வழி – 9: ஆலம்பாடிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே ஓர் ஆறு

பென்னாகரம் வாரச் சந்தையில் நின்று ‘மாதையா’ என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாலைந்து தலையாவது திரும்பும். மாதையன், மாதேஷ், மாதப்பன், மாது, மாதம்மாள் என்று தருமபுரி மாவட்டத்து வாக்காளர் பட்டியலை எந்தப் பக்கம் புரட்டினாலும் இந்தப் பெயர்கள்தான் வரிசைகட்டி நிற்கும். இத்தனை பேருக்கும் பெயர் கொடுத்த சாமி இந்த மாவட்டத்தில் இல்லை, இந்த மாநிலத்திலும் இல்லை. காவேரிக்கு அக்கரையில், இன்றைய கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில், காட்டுக்கு நடுவே மலைமேல் இருக்கிறார் மாதேஸ்வரன். புலிமேல் ஏறி வந்தவர். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து அவரைத் தேடிப் போகிற கூட்டத்துக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல.

மாதேஸ்வரனின் கதையைக் கம்சாளை என்னும் தாளத்தை வீசித் தட்டிக்கொண்டு கன்னடத்தில் இரவிரவாகப் பாடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாட்டில் கோயில் எழுப்பியவராக வருபவர் அரசரல்ல, செட்டியாரும் அல்ல. ஆலம்பாடி ஜுஞ்சே கவுடர். குருபர் குலம், மந்தை மந்தையாக ஆடுமாடு வைத்திருந்தவர். அவர் எந்த நூற்றாண்டுக்காரர் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகப்போவதில்லை. இவ்வளவு பெரிய சாமிக்கு ஒரு மந்தைக்காரர் கோயில் கட்டினார் என்று பாட்டு நினைவில் வைத்திருக்கிறதே, அதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அந்த ஆலம்பாடியும் வேறெங்கோ இல்லை. ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரைக் காட்டில் இருக்கிறது.

சென்ற இதழ்வரை ஆட்டு மந்தைகளின் பின்னால் நடந்தோம். இந்த இதழில் மாட்டின் பின்னால் போவோம்.

ஆலம்பாடி என்றதும் தருமபுரிக்காரர்களுக்கு ஊர் நினைவுக்கு வராது, மாடுதான் வரும். கருஞ்சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னோக்கி ஓடும் நீண்ட கொம்பு. பால் சொற்பம். ஆனால் ஏரில் பூட்டினால் பொழுது சாயும்வரை சளைக்காது. ஆங்கிலேயக் கால்நடை அதிகாரிகள் இந்த மாட்டுக்கு ஒரே பெயரோடு நிற்கவில்லை. ஆலம்பாடி மாடு, மாதேஸ்வர பெட்டா மாடு, காவேரி மாடு, சேலம் மாடு என்று நாலு பெயரும் புத்தகங்களில் மாறி மாறி வரும். அக்கரையில் பார்த்தவர் மலையின் பெயரை எழுதினார். ஆற்றங்கரையில் பார்த்தவர் ஆற்றின் பெயரை எழுதினார். இக்கரைச் சந்தையில் விலைக்கு வாங்கியவர் சேலம் என்று எழுதினார். நாலையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் அந்த மாடு சுற்றி வந்த நிலம் வரைபடமாகக் கிடைத்துவிடும்.

அந்தச் சுற்று எப்படி நடந்தது? பென்னாகரம் வானம் பார்த்த பூமி. ராகி, சாமை, சோளம், அவரை, துவரை, கொள்ளு. பயிர் நிற்கிற மாதங்களில் ஊருக்குள் இருநூறு மாட்டை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு ராத்திரி கட்டு அறுந்தால் நாலு குடும்பத்துக் களி போய்விடும், அதற்குப் பின் பஞ்சாயத்து, தொண்டுப்பட்டி, அபராதம். அதனால் உழவு மாட்டையும் கறவையையும் மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டு மற்றதைக் காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். அறுவடை முடிந்து தாளும் மோடும் நிற்கிறபோது மந்தை இறங்கி வரும். பகலில் மோடு மேயும், இரவில் கிடை. அந்தச் சாணியும் கோமியமும்தான் அடுத்த வருடத்து ராகிக்கு உரம். வெயில் ஏறி ஏரியும் குட்டையும் காய்ந்ததும் மந்தை ஆற்றோரக் காட்டுக்குப் போயாக வேண்டும். கோடையில் காவேரி பாறையும் மடுவுமாகச் சுருங்கிக் கிடக்கும். அக்கரைக் காட்டில் ஒரு மழை விழுந்து புல் துளிர்த்திருக்கிறது என்று தெரிந்தால் இக்கரையில் நிற்க மாட்டுக்கு என்ன தலையெழுத்து? ஆட்கள் பரிசலில் போவார்கள். மூங்கில் விளாறில் பின்னிய பரிசலுக்கு அந்த நாளில் போர்த்தியது மாட்டுத்தோல். இன்று ஒகேனக்கல்லில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற பரிசலுக்குப் பிளாஸ்டிக்கும் தாரும்.

காட்டுக்குள் மாடு அடைகிற இடம் பட்டி. தண்ணீருக்குப் பக்கத்தில் சற்று மேடான இடமாகப் பார்த்து, வேலமுள்ளையும் காரைமுள்ளையும் வெட்டி ஆளுயரத்துக்கு வட்டமாக வளைத்திருப்பார்கள். வாசலுக்கு இரண்டு கவட்டைக் கம்பும் குறுக்கே தடியும். உள்ளே இன்னொரு சின்ன வளைவு, கன்றுகளுக்கு. கன்று அங்கே அடைபட்டிருப்பதால் தாய்மாடு எவ்வளவு தூரம் மேயப் போனாலும் பொழுதோடு தானே திரும்பி வந்துவிடும். இருநூறு மாட்டை இரண்டு பேர் மேய்க்க முடிவதன் சூட்சுமம் இதுதான். வாசலோரம் இரவு முழுக்கக் கட்டை எரியும், சிறுத்தைக்கு அந்த நெருப்புதான் பதில். மந்தையில் பாதிக்குமேல் அடுத்தவர் மாடுகளாக இருக்கும். உழவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பேசிப் பட்டிக்காரரிடம் விட்டுவிடுவார்கள். ஊரில் இருப்பவருக்கு மாடு சொத்து, பட்டியில் இருப்பவருக்கு மாடு வேலை. இந்த இரண்டு பேருக்கும் இடையிலான ஒப்பந்தம் எந்தப் பத்திரத்திலும் ஏறியதில்லை. பின்னால் சட்டம் வந்து ‘இந்தக் காட்டில் உனக்கு என்ன உரிமை’ என்று கேட்டபோது பட்டிக்காரர் வெறுங்கையோடு நின்றதற்கு ஒரு காரணம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பென்னாகரம் காட்டின் மாட்டுக்காரர்கள் எல்லோரும் மேற்கிலிருந்து வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகடூர் நாடு என்று அந்த நாளில் பெயர்பெற்ற இந்தத் தருமபுரி வட்டாரம் முழுக்க நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் பல, ஆநிரை கவர வந்தவர்களோடும் மீட்கப் போனவர்களோடும் சம்பந்தப்பட்டவை. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவர் எருமைக் கிடையைக் காக்கும்போது செத்தார். அவருடைய நாய் கோவிவன், திருட வந்த இருவரைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றது. இரண்டையும் வட்டெழுத்தில் பொறித்து, வீரனுக்குப் பக்கத்திலேயே நாயையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாடு காத்தவனுக்குக் கல் நட்ட ஊர்கள் இவை. பின்னால் வந்தவர்கள் காலி நிலத்தில் வந்து குடியேறவில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு வாழ்க்கைக்குள் வந்து கலந்தார்கள்.

வந்தவர்கள் யார்? குருபர் அல்லது குரும்பர், லிங்காயத்தார், கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வேறு சில குலங்கள். எப்போது என்றால் ஒரே விடை கிடையாது. 9-ஆம் நூற்றாண்டில் தருமபுரி நுளம்பர் கையில் இருந்தது. பிறகு ஒய்சளர், விஜயநகரம், மைசூர். காவேரி அரசுகளுக்கு எல்லையாக இருந்த காலத்தைவிட ஒரே அரசின் நடுவில் ஓடிய காலம்தான் அதிகம். குடியேறிய பல குலங்களிடம் ஒரு கதை உண்டு. அரசன் பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாக மாட்டை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள், எதிரே ஆறு, புங்கமரம் வளைந்து பாலமாக நின்றது. தமிழ்நாட்டில் கன்னடம், தெலுங்கு பேசுகிற குலங்கள் பலவற்றில் இந்தக் கதையைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு கேட்கலாம். கதைக்கு மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அதை வைத்து வருடம் கணக்கிட மாட்டேன். மாட்டுக்காரர் ஆற்றைக் கடந்தது ஓர் இரவில் அல்ல, வருடாவருடம். போனார்கள், வந்தார்கள். ஏதோ ஒரு வருடம் அக்கரையில் பஞ்சம், அல்லது படை, அல்லது இக்கரையில் ஒரு கல்யாணச் சம்பந்தம். அந்த வருடம் திரும்பிப் போகவில்லை. குடியேற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித் திரும்பிப் போகாமல் விட்ட வருடங்களின் கூட்டுத்தொகைதான்.

இதே கதையை ஐரோப்பாவின் பால்கன் மலைகளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அங்கே வ்லாக் என்று ஓர் இடையர் கூட்டம். கிரேக்கர்களுக்கும் ஸ்லாவியர்களுக்கும் அல்பேனியர்களுக்கும் நடுவே, லத்தீனிலிருந்து பிறந்த தங்கள் மொழியை விடாமல் பேசியவர்கள். 976-ஆம் ஆண்டில் நடந்த ஒரு கொலையைச் சொல்லும் பைசாந்திய வரலாற்றுக் குறிப்பில், வழியில் திரியும் கூட்டமாக முதன்முதலில் தலைகாட்டுகிறார்கள். ஏப்ரலில் புனித ஜார்ஜ் திருநாளை ஒட்டி ஆடுகளை பிண்டஸ் மலைக்கு ஏற்றுவார்கள். அக்டோபரில் புனித டெமெட்ரியஸ் திருநாளுக்குச் சமவெளிக்கு இறக்குவார்கள். 1914-இல் வேஸ், தாம்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் அவர்களுடன் சமரினா என்ற மலையூருக்குப் போய்வந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். கோடையில் திருவிழாக் கூட்டமும் குளிர்காலத்தில் பூட்டிய வீடுகளுமாக இருந்த ஊர் அது.

வ்லாக் வரலாற்றில் என்னை நிறுத்திய இடம் இரண்டு. முதலாவது, அரசுகள் அவர்களைக் கையாண்ட விதம். நாடோடியாகத் திரிகிறவனிடம் வரி வாங்குவது கடினம், ஆனால் மலைப்பாதை அவனுக்குத்தான் தெரியும். அதனால் 1630-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு, துருக்கிய எல்லையோரம் குடியேறிய வ்லாக்குகளுக்கென்று தனிச் சாசனம் கொடுத்தார். நிலமும் சொந்த ஊர்த்தலைவர்களும் உங்களுக்கு, எல்லைக் காவல் எங்களுக்கு என்பது பேரம். அந்தச் சாசனத்தின் கீழ் வந்தவர்களில் பலர் ஸ்லாவிய மொழி பேசியவர்கள். ஆடு மேய்த்தால் வ்லாக், அவ்வளவுதான். தொழிலும் குலமும் ஒரே பெயருக்குள் புகுந்துகொண்ட நிலை. இரண்டாவது, 1912–13 பால்கன் போர்கள். துருக்கியரிடமிருந்து பறித்த மக்கதோனியாவை கிரீஸ், செர்பியா, பல்கேரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன, அல்பேனியா தனிநாடானது. கோடை மேய்ச்சல் ஒரு நாட்டில், குளிர்கால மேய்ச்சல் இன்னொரு நாட்டில் என்றானது. ஆட்டுக்கு பாஸ்போர்ட் யார் கொடுப்பது?

நம் பக்கம் திரும்புவோம். 1652-ஐ ஒட்டி மைசூரின் கண்டீரவ நரசராஜர் பென்னாகரத்தையும் தருமபுரியையும் பிடித்தபின், மாட்டுக்காரர்களுக்குப் பெரிய வாடிக்கையாளராக வந்து சேர்ந்தது மைசூர் அரசுதான். சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுக்கத் தொடங்கிய மாட்டுத் துறைக்கு, திப்பு அம்ருத மகால் என்று பெயர் வைத்தார். காவல் என்ற பெயரில் மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஹைதருடைய பீரங்கிகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைவிட வேகமாக நகர்ந்ததற்கு அந்த மாடுகள் ஒரு முக்கியக் காரணம். அரசுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குக் காடு வேண்டும். அந்தக் கணக்கில் மேய்ச்சல்காரருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

1791 கடைசியில் பென்னாகரம் கோட்டையைக் கம்பெனிப் படை ஏணி வைத்து ஏறிப் பிடித்தது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி, இந்தப் பகுதியை அடக்கிய பாரமகாலும் சேலமும் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்க ஆரம்பித்தார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் பிறந்தது. உழுகிறவன் பெயரில் நேரடியாகப் பட்டா, நடுவில் ஜமீன்தார் இல்லை. நல்ல ஏற்பாடு என்று மன்றோவைப் புகழாதவர் இல்லை, தருமபுரியில் அவருக்கு நினைவுத் தூணே நிற்கிறது. ஆனால் அளவுச் சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு. ஏர் ஓடிய மண்தான் அதற்குத் தெரியும். மாடு மேய்ந்த மண், உழாத மண், ஆகவே தரிசு, ஆகவே சர்க்காருடையது. மூன்று மாதம் ஒருவர் தங்கும் இடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சங்கிலி பிடித்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

மந்தைக்காரர்கள் பலர் உழவர்களானது அடுத்து வந்த நூற்றாண்டில்தான் வேகம் பிடித்தது. பட்டா இருந்தால்தான் ஊரில் ஒரு பேச்சு என்றானபோது, காட்டோரத்தில் மாட்டுக்கென்று போட்ட கொட்டாய் மெல்லக் குடியிருப்பானது. தருமபுரிப் பக்கம் இன்னார் கொட்டாய், இன்னார் கொட்டாய் என்று நூற்றுக்கணக்கில் சிற்றூர்கள் உண்டு. நாலு வீடு, ஒரு கிணறு, ஒரு முனியப்பன், தகப்பனோ தாத்தாவோ பெயர். பென்னாகரம் சுற்று வட்டாரத்தில் அஜ்ஜனஅள்ளி, மஞ்சநாயக்கனஅள்ளி, பருவதனஅள்ளி என்று ‘அள்ளி’யில் முடிகிற பெரிய கிராமங்கள் பழைய அடுக்கு என்றால், கொட்டாய்கள் புதிய அடுக்கு.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலைக்காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடாயின. மாட்டுக்கு மேய்ச்சல் சீட்டு, தலைக்கு இவ்வளவு கட்டணம், ஆட்டுக்குப் பெரும்பாலும் தடை. பாரஸ்ட்காரர், ரேஞ்சர், அபராதம் என்ற சொற்கள் பட்டிக்காரரின் பேச்சில் ஏறின. வேடிக்கை என்னவென்றால், ஒரு துறை காட்டை மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு துறை அந்தக் காட்டு மாட்டைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தது. 1909-இல் கன் என்ற அதிகாரியும் 1936-இல் லிட்டில்வுட்டும் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை நூல்களில் ஆலம்பாடிக்கும் பர்கூர் மாட்டுக்கும் தனி இடம் உண்டு.

கம்பளிக் கதையை இங்கே ஒரு வரியில் முடித்துவிடலாம், ஏழாம் பகுதியில் விரிவாகப் பார்த்தாயிற்று. குரும்பை ஆட்டின் முரட்டு ரோமத்தில் கம்பளி நெய்த குரும்பர்கள், மில் போர்வை வந்தபின் தறியை விட்டார்கள். பெரும்பாலைப் பக்கமெல்லாம் ரோமமில்லாத மேச்சேரி ஆடு, கறிக்கென்று, நிலைத்துவிட்டது.

பிறகு வந்தவை அடுக்கடுக்கானவை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. மைசூருக்கு மலையேறும் பழைய காவேரிபுரம் கணவாய்ப் பாதையின் அடிவாரமும் ஆற்றோரக் கிராமங்களும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்குள் போயின. நாகமரை, ஒட்டனூர் பக்கத்தில் மாடு இறங்கிக் கடந்த இடத்தில் கடல் போலத் தண்ணீர் நின்றது. இன்றும் ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்குப் படகில்தான் போகவேண்டும். 1956-இல் மொழிவாரி மாநிலப் பிரிவினையில் கொள்ளேகாலம் தாலுகா, அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, மைசூருக்குப் போனது. ஆலம்பாடியும் மாதேஸ்வரன் மலையும் ஒரே நாளில் அடுத்த மாநிலமாகிவிட்டன. மாடு சுற்றி வந்த வட்டத்தின் குறுக்கே ஆற்றின் மீது எல்லைக்கோடு விழுந்தது. பிண்டஸ் மலைக்காரர்களுக்கு 1913 எப்படியோ, இந்தக் காட்டுக்கு 1956 அப்படி. என்ன, இங்கே சண்டையில்லை, துப்பாக்கியில்லை. அதனாலேயே யாரும் இதைக் கவனிக்கவும் இல்லை.

துப்பாக்கி பின்னால் வந்தது. வீரப்பன் காலம். இரு மாநில அதிரடிப்படைகளும் காட்டைச் சல்லடையாகச் சலித்த ஆண்டுகளில், காட்டுக்குள் அடுப்புப் புகை எழும்பினாலே சந்தேகம். யாருக்குச் சோறு ஆக்கினாய், யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று இரண்டு பக்கத்துக் கேள்விக்கும் பட்டிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டிக்கு அருகில் வீரப்பன் கொல்லப்பட்டபோது, பல குடும்பங்கள் மந்தையை விற்று ஓய்ந்திருந்தன. டிராக்டர் வந்து உழவு மாட்டின் தேவையைக் குறைத்தது, பால் சொசைட்டி வந்து கலப்பினப் பசுவைக் கொடுத்தது, கேரளத்துக்கு அடிமாட்டு லாரி வாரம் தவறாமல் போனது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கறக்கிற மாட்டைக் கட்டி அழ யாருக்கு மனம் வரும்?

2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அந்த மாதத்துக்குள்ளேயே அதைத் திருத்தி, புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. வழக்கு தேனி மாவட்டத்து மலைமாட்டை ஒட்டி எழுந்தது, அடி எல்லாப் பட்டிக்கும். காடு காக்கப்பட வேண்டியதுதான், யானைக்கு வேறு வீடு கிடையாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு கை பட்டியைக் கலைக்கும்போது மறு கை அதே மாட்டைக் காப்பாற்ற ஆராய்ச்சி மையம் திறப்பதுதான் புரியவில்லை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பர்கூருக்கு ஒன்று, ஆலம்பாடிக்குத் தருமபுரி மாவட்டத்திலேயே ஒன்று. கொட்டகையில் கட்டித் தீவனம் போட்டால் ஆலம்பாடி உயிரோடிருக்கும். கன்றை அடைத்துவிட்டுத் தாயைத் தனியே காட்டுக்கு அனுப்பினால் பொழுதோடு திரும்பி வருமா என்று அந்தக் கொட்டகையில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

பெயர் விவகாரம் வேறு. பழங்குடிப் பட்டியலில் குருமன்ஸ் இருக்கிறது. குரும்பர், குரும்பக் கவுண்டர் என்று பதிவானவர்கள் தாங்களும் அவர்களே என்று சொல்லி நெடுங்காலமாகச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆடு மேய்த்தால் வ்லாக் என்று ஹாப்ஸ்பர்க் குமாஸ்தா எழுதிவிட்டுப் போனது போல இங்கே எளிதில் எழுதிவிட முடியாது. இட ஒதுக்கீடு, கல்லூரி, வேலை எல்லாம் அந்த ஓர் எழுத்தில் தொங்குகின்றன.

சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஈ) மேய்ச்சல் உரிமையையும், நாடோடி மேய்ப்பர்கள் பருவந்தோறும் காட்டை அணுகும் உரிமையையும் பெயர் சொல்லியே ஏற்கிறது. சரணாலயம் என்பதாலேயே இந்தச் சட்டம் செல்லாமல் போய்விடாது. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நகர்ந்துகொண்டே இருந்தவர் 1930-இல் எங்கே இருந்தார் என்பதற்கு என்ன காகிதம் காட்டுவது? விதி 13 இதற்கு வழி சொல்கிறது. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம், பழைய மேய்ச்சல் இடங்களைக் காட்டலாம், கெசட்டியர், சர்வே அறிக்கை போன்ற அரசு ஆவணங்களையும் கொடுக்கலாம். தகரப் பெட்டியில் மடங்கிக் கிடக்கும் பாட்டன் காலத்து மேய்ச்சல் கட்டண ரசீதுக்கு அங்கே மதிப்பு உண்டு. கன்னும் லிட்டில்வுட்டும் மாட்டைப் பற்றி எழுதிய பக்கங்களையும் கிராம சபை தன் தீர்மானத்தோடு இணைக்கலாம். அந்த மாடு எந்தக் காட்டில், யாருடைய பட்டியில் மேய்ந்தது என்று அரசாங்கத்து ஆளே எழுதிய சாட்சி அது.

அடுத்த இதழில்: அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவும் அதன் மாட்டுச் சந்தையும்.